தெருவில் எடுத்த பெயர் யாருக்குச் சொந்தம்? வாடிவாசல், கபடிக்களம், விளம்பரச் சந்தை

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். மதுரையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த இம்மூன்று ஊர்களின் ஜல்லிக்கட்டும் இன்று தொலைக்காட்சியில் நேரலையாக ஓடுகின்ற, கார்களும் டிராக்டர்களும் பரிசாக வழங்கப்படுகின்ற பெருநிகழ்வாகிவிட்டது. அங்கு ஒலிபெருக்கியைக் கூர்ந்து கேட்போருக்கு ஒன்று விளங்கும். காளை வெளிவருமுன் அதன் உரிமையாளரின் பெயரும் ஊரும் அறிவிக்கப்படுகின்றன. பரிசு வழங்கும் கடையின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அறிவிக்கப்படுகின்றன. திமிலை அணைந்து நிற்கும் இளைஞனோ பெரும்பாலும் பனியனின் நிறத்தாலும் அதில் அச்சிட்ட எண்ணாலுமே அழைக்கப்படுகிறான்.

வீரத்தை நிகழ்த்துபவனுக்கு எண். வீரத்துக்குப் பணம் போடுபவனுக்குப் பெயர். விளையாட்டு வீரரின் உடலும் ஊரும் சாதியும் விளம்பரச் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன, அதில் வீரருக்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். களத்தில் இறங்கும் தலித் இளைஞர்களுக்கும், அவர்களோடு நிற்கும் மாணவர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் பயன்படும் வகையில், இதன் வரலாற்றையும் சட்ட நிலையையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

அமெரிக்கத் தெருவும் அதன் விலையும்

அமெரிக்க விளையாட்டு விளம்பரத் துறையில் ‘ஸ்ட்ரீட் கிரெடிபிலிட்டி’ என்றொரு சொல் புழங்குகிறது. தெருவில் எடுத்த பெயர் என்று அதைத் தமிழில் சொல்லலாம். வறுமையும் காவல்துறைக் கெடுபிடியும் மிகுந்த கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்து, அங்கேயே பந்தாடிப் பேர் வாங்கிய ஒருவர் காலணி அணிந்தால் அந்தக் காலணிக்கு ‘உண்மை’ என்ற முத்திரை கிடைக்கிறது. அந்த முத்திரையைத்தான் நிறுவனங்கள் வாங்குகின்றன. வாங்கி, பெரும்பாலும் அந்தத் தெருவுக்குள் ஒருநாளும் காலடி வைக்காத இளைஞர்களுக்கு விற்கின்றன.

ஆலன் ஐவர்சன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டனில் வறுமையில் வளர்ந்த அவரை 1996ஆம் ஆண்டுத் தேர்வில் ஃபிலடெல்ஃபியா கூடைப்பந்து அணி முதல் ஆளாக எடுத்தது. ரீபோக் நிறுவனம் அவர் பெயரில் காலணி விற்றது. அவருடைய பின்னல் முடியும் பச்சைகுத்தலும் தொளதொளத்த உடையும் சந்தைக்குத் தேவைப்பட்டன. அதே வேளையில், என்.பி.ஏ. லீக்கின் சொந்த இதழான ‘ஹூப்’ தன் அட்டைப்படத்தில் அவர் உடலிலிருந்த பச்சைகுத்தல்களை அழித்துவிட்டு அச்சிட்டது. 2005 அக்டோபரில் லீக் நிர்வாகம் உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்து, கழுத்துச் சங்கிலி, தலைத்துணி, தொப்பி முதலியவற்றை லீக் நிகழ்ச்சிகளில் தடை செய்தது. கறுப்பின இளைஞர்களின் உடையைக் குற்றத்தோடு இணைத்துப் பார்க்கும் விதி இது என்று ஐவர்சன் உள்ளிட்ட வீரர்கள் எதிர்த்தார்கள். விளம்பரத்துக்குத் தெரு வேண்டும். அலுவலகத்துக்குள் தெரு வரக்கூடாது என்பதே அந்த ஏற்பாடு.

இருந்தபோதிலும் ஐவர்சனுக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. காலணியில் அவர் பெயர் இருந்தது. பணம் அவர் கணக்குக்கு வந்தது. அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. எட் ஓபானன் என்ற கறுப்பினக் கூடைப்பந்து வீரர், தம் உருவம் ஒரு வீடியோ விளையாட்டில் தம்மைக் கேளாமல் பயன்படுத்தப்பட்டதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடுத்தார். நீண்ட சட்டப் போராட்டங்களுக்குப் பிறகு, 2021 ஜூலை முதல் நாளிலிருந்துதான் கல்லூரி வீரர்கள் தம் பெயர், உருவம் ஆகியவற்றால் வருமானம் பெற அனுமதி கிடைத்தது.

நம் ஊரில் தெரு என்றால்

இச்சொல்லை மதுரைக்குக் கொண்டுவரும்போது பொருள் மாறிவிடுகிறது. இங்கே ‘எந்தத் தெரு?’ என்ற கேள்வி முகவரி கேட்பதற்காக மட்டும் எழுவதில்லை. சாதியை அறிவதற்காகவும் எழுகிறது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலத்தில் தெருவின் பெயரே ஒருவரின் சாதியைச் சொல்லிவிடும். மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் இரு குடியிருப்புகளுக்கு நடுவே நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டது. ‘காலனி’ என்ற சொல் வசைச்சொல்லாகவே மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது.

ஆகவே அமெரிக்கச் சந்தை கறுப்பினத் தெருவை வெளிப்படையாக விற்கும்போது, தமிழகச் சந்தை சேரியின் பெயரை வெளிப்படையாக விற்பதில்லை. அது வேறொரு கணக்கைப் போடுகிறது. ஆதிக்கச் சாதி வீரனின் வெற்றியோடு சாதிப் பெயர் கூட்டப்படுகிறது. ‘இன்ன குலத்து வீரம்’ என்று சுவரொட்டி ஒட்டப்படுகிறது. தலித் வீரனின் வெற்றியிலிருந்து சாதிப் பெயர் கழிக்கப்படுகிறது. அவன் ‘தமிழன்’ ஆகிறான், அல்லது ‘ஏழைக் குடும்பத்து இளைஞன்’ ஆகிறான். ஒருவனின் வெற்றி அவன் சாதிக்குச் சொத்தாகச் சேர, இன்னொருவனின் வெற்றி எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. இந்தக் கூட்டல் கழித்தலே நம் சூழலில் விளையாட்டு விளம்பரத்தின் அடிப்படை.

நூறாண்டுக்கு முந்தைய முன்னோட்டம்: பல்வாங்கர் பாலு

இந்தக் கணக்கு புதிதன்று. இந்திய விளையாட்டின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவரான பல்வாங்கர் பாலு, தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர்களின் விளையாட்டு மன்றத்தில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பயிற்சியில் ஆங்கிலேயர்களுக்குப் பந்து வீசி வீசியே தேர்ந்த சுழற்பந்து வீச்சாளரானார். ஐரோப்பியர்களை வெல்லத் துடித்த இந்து அணிக்கு அவருடைய கை தேவைப்பட்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள்.

1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலு நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கடைசிவரை வழங்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் தலைவரானார். அதற்குள் பாலுவின் ஆட்டக்காலம் முடிந்திருந்தது. அவர் பெயருக்கு இருந்த மதிப்பை அடுத்துப் பயன்படுத்தியது அரசியல். 1937 பம்பாய் மாகாணத் தேர்தலில் அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் கட்சி நிறுத்திய வேட்பாளர் பல்வாங்கர் பாலு. அண்ணல் வென்றார். தலைமைப் பொறுப்பைத் தர மறுத்த சமூகம், ஒரு தலித் தலைவரை எதிர்த்து நிறுத்துவதற்கு அதே மனிதரின் புகழைக் கடன் வாங்கத் தயங்கவில்லை.

வாடிவாசல்: பண்பாடு யாருடையது, மைக் யாருடையது

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 சனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கத்திலும் திரண்ட இளைஞர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து மாநில அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு தமிழ்நாட்டின் பண்பாட்டு மரபு என்று சட்டமன்றம் சொன்னதை ஏற்றுக்கொண்டது. 2024 சனவரி 24 அன்று அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் அரசுப் பணத்தில் கட்டப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது.

இந்த வரிசையை ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு படித்தால் முக்கியமான ஒரு மாற்றம் புலப்படும். கோயில் திருவிழாவாக, ஊர்ப் பெரியவர்களின் உரிமையாக இருந்த ஒன்று, தமிழர் அனைவரின் மரபு என்ற பெயரில் நீதிமன்றத்தில் பாதுகாப்புப் பெற்றுள்ளது. அனைவரின் மரபு என்று சொல்லிப் பாதுகாப்புப் பெற்ற பிறகு, வாடிவாசலில் சிலருக்கு மட்டும் இடமில்லை என்று சொல்லச் சட்டத்தில் வழியில்லை.

நடைமுறை வேறு. தென்மாவட்டச் சிற்றூர்களில் தலித்துகளின் காளைகளை வாடிக்குள் விட மறுப்பதும், விழாக்குழுவில் அவர்களுக்கு இடமளிக்காததும், பறை அடிக்க மட்டும் அழைப்பதும் மீண்டும் மீண்டும் புகார்களாக எழுகின்றன. அவனியாபுரத்தில் விழாவை யார் நடத்துவது, குழுவில் யார் யார் இருப்பது என்ற தகராறு ஆண்டுதோறும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் வாசலுக்கு வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதியின் கண்காணிப்பிலும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலும் விழா நடக்கும் நிலை அதன் பின்னரே உருவானது. காளையை அவிழ்க்கும்போது உரிமையாளரின் சாதிப் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது என்பதும் 2024 பொங்கலையொட்டி மதுரைக் கிளையின் உத்தரவாக வந்த பிறகே விதியானது. மைக்கில் சாதிப் பெயர் ஒலிப்பது பழக்கமாக இல்லாதிருந்தால் அதைத் தடுக்க நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்திராது.

சந்தையின் பங்கையும் பார்க்க வேண்டும். பிடிபடாத காளைக்கு விலை கூடுகிறது. அந்த விலை உரிமையாளருக்குச் சேர்கிறது. பரிசளித்த நிறுவனத்துக்கு விளம்பரம் சேர்கிறது. விழாப் படங்கள் நாட்காட்டி முதல் பனியன் வரை அச்சாகின்றன. குடல் சரியும் ஆபத்தோடு உள்ளே இறங்கும் மாடுபிடி வீரருக்கோ ஒப்பந்தம் இல்லை, ஊதியம் இல்லை, தம் படத்தின்மேல் உரிமை உண்டு என்ற தகவல்கூட இல்லை. முதலிடம் பிடிக்கும் ஓரிருவருக்குக் கார் கிடைக்கிறது. எஞ்சிய நூற்றுக்கணக்கானவர்கள் அந்தக் காட்சிக்குத் தம் உடலை இலவசமாகத் தந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கபடிக்களம்: மண்ணின் ஆட்டம், மேட்டின் கணக்கு

கபடியில் ஊதியமும் ஏலமும் வந்துவிட்டன. 2014 ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017இல் ‘தமிழ் தலைவாஸ்’ அணி சேர்ந்தது. 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தை அந்த அணி 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. மண்ணில் ஆடப்பட்ட ஆட்டம் செயற்கை விரிப்புக்கு ஏறியபோது ‘மண்ணின் விளையாட்டு’ என்ற பெயரைத்தான் லீக் தன் முதலீடாகக் கொண்டது. அந்த மண்ணில் யார் யாரோடு ஆட முடிந்தது, யார் எந்த ஊர்க் களத்துக்குள் நுழைய முடியாதிருந்தது என்ற வரலாறு விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை.

தூத்துக்குடி மாவட்டம் மணத்தியைச் சேர்ந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன்’ திரைப்படம் 2025 அக்டோபரில் வெளியானது. சாதி மோதல்களுக்கு நடுவே ஓர் இளைஞன் களத்தை எட்டுவதற்கு எத்தனை எல்லைகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதை அப்படம் பேசியது. தங்கப் பதக்கத்துக்கும் அந்தக் கதை மாநிலமெங்கும் பேசப்பட்டதற்கும் இடையே 31 ஆண்டுகள்.

அதே அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் கபடி அணியில் இருந்த கார்த்திகாவை நாடு ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே அறிந்தது. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட இடம் கண்ணகி நகர். வேலைக்கு விண்ணப்பிக்கையில் அம்முகவரியை எழுதத் தயங்கும் நிலை அங்குள்ள இளைஞர்களுக்கு இருந்துவந்திருக்கிறது. அப்பெயரைத் தன் பெயருக்கு முன்னால் தானே நிறுத்திய செயலே உண்மையான பொருளில் தெருவில் எடுத்த பெயர். இங்கே தெருவை எந்த நிறுவனமும் விற்கவில்லை. ஒரு பெண் அதை மீட்டிருக்கிறாள்.

மதுரைச் சமவெளியின் ஊர்க் கபடிப் போட்டிகளில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். இரவு விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களில் பல அணிகள் சாதித் தலைவர்களின் படத்தைப் பனியனில் தாங்குகின்றன. கையில் கட்டும் கயிற்றின் நிறமே அடையாள அட்டையாகிறது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அரசிடம் அளிக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு அறிக்கை பரிந்துரைத்தது. அதே மாணவர்கள் மாலையில் ஆடச் செல்லும் களத்துக்கும் அப்பரிந்துரை பொருந்த வேண்டும்.

தோற்றால் திரும்பும் சாதி

கழிக்கப்பட்ட சாதி நிரந்தரமாகப் போய்விடுவதில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்த வந்தனா கட்டாரியா அன்று ‘இந்தியாவின் மகள்’. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றதும், ஹரித்வாரை அடுத்த ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டின் முன் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று வசைபாடினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. அதற்கு முந்தைய ஆண்டு, சமூக ஊடக நேரலை ஒன்றில் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் சக வீரரைக் கேலி செய்யத் தூய்மைப் பணியோடு பிணைக்கப்பட்ட ஒரு தலித் சாதியின் பெயரைப் பயன்படுத்தினார். புகார் எழுந்தபின் வருத்தம் தெரிவித்தார். ஹரியானாவில் அவர்மீதும் வழக்குப் பதிவானது. வெற்றியில் மறைந்திருக்கும் சாதி தோல்வியிலும் கேலியிலும் உடனே நினைவுக்கு வந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

முதலாவது, களம். அரசியல் சாசனத்தின் 15(2)ஆம் உறுப்பு பொதுப் பொழுதுபோக்கு இடங்களிலும், அரசு நிதியால் முழுவதுமாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் பொதுமக்கள் கூடும் இடங்களிலும் சாதியின் பேரால் தடை விதிப்பதைத் தடுக்கிறது. அரசுப் பணத்தில் கட்டிய அரங்கமும், மாவட்ட நிர்வாகம் அனுமதியளித்துத் தடுப்பு அமைத்துத் தரும் வாடிவாசலும் இவ்வரையறைக்குள் வரும் என்பது நம் நிலைப்பாடு. 2015இல் திருத்தப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, பொதுப் பொழுதுபோக்கு இடத்தில் நுழைவதையும் சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஊரை விட்டு ஒதுக்கினால் 3(1)(இசட்சி) பிரிவு பொருந்தும்.

இரண்டாவது, மைக். 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய பிரிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவதையும் தண்டிக்கின்றன. வெளியார் எவருமில்லாத நான்கு சுவருக்குள் பேசியது இதில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. களத்தின் ஒலிபெருக்கியில் பேசியவர் அந்தத் தீர்ப்பில் ஒளிந்துகொள்ள முடியாது. கடமை தவறும் அலுவலர் தலித் அல்லாதவராயின் 4ஆம் பிரிவின் கீழ் அவரையும் பொறுப்பாக்கலாம்.

மூன்றாவது, படம். ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1994இலேயே கூறியது. அது தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு. ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக ‘நக்கீரன்’ ஆசிரியர் ராஜகோபால் தொடுத்தது. 2015இல் நடிகர் ரஜினிகாந்தின் பெயரைப் படத்தலைப்பில் பயன்படுத்துவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. புகழ் பெற்றவரின் பெயருக்கும் பாணிக்கும் ஆளுமை உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். நட்சத்திரத்துக்கு உள்ள அவ்வுரிமையை நாடறிந்த மாடுபிடி வீரருக்கு மறுக்கத் தர்க்கமில்லை. புகழ் குறைந்தவருக்கும் 1994 தீர்ப்பு காவலாக நிற்கிறது.

நான்காவது, சாதியைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அணியில் இடமும் ஆதரவாளரும் போய்விடுமோ என்ற அச்சத்தில் சாதியை மறைத்து ஆடும் தலித் வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேளாமல் ‘நம்மாள்’ என்று முகநூலில் எழுதுவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், அவர்கள் உரிமையைப் பறிப்பதே. அடையாளத்தை அறிவிக்கும் முடிவு வீரருடையது. மறைக்கும் நிர்வாகத்துக்கும் அவ்வுரிமை இல்லை. கொண்டாடும் நமக்கும் இல்லை.

செய்யத்தக்கவை

வரும் தை மாதத்துக்கு முன்பே சில வேலைகளைத் தொடங்கலாம். விழாக்குழு உறுப்பினர் பட்டியல், பதிவு செய்த காளைகளும் வீரர்களும், நிராகரிப்புக்கான காரணங்கள், பரிசளிப்போரிடம் பெற்ற தொகை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். காளையோ வீரரோ திருப்பி அனுப்பப்பட்டால் நேரம், இடம், சொன்ன சொல், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும். இயன்றால் காணொளி எடுக்க வேண்டும். காவல் நிலையம் புகாரை ஏற்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகர எல்லையாயின் காவல் ஆணையருக்கு, பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும்.

கபடி அணியிலோ விளம்பரத்திலோ ஒப்பந்தம் கையெழுத்திடுமுன், பெயரையும் படத்தையும் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த ஊடகத்தில், என்ன தொகைக்குத் தருகிறோம் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்பதைப் பெற்றோரும் பயிற்சியாளரும் அறிந்திருக்க வேண்டும்.

அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. விழாக்குழுக்களில் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்க வேண்டும். பதிவு செய்த மாடுபிடி வீரர் ஒவ்வொருவருக்கும் அரசுச் செலவில் காப்பீடு வேண்டும். விழாவின் ஒளிபரப்பாலும் விளம்பரத்தாலும் வரும் தொகையில் வீரர்களுக்கு எழுத்துப்பூர்வமான பங்கு வேண்டும். இவற்றோடு செலவே இல்லாத நான்காவது கோரிக்கை ஒன்றும் உண்டு: காளை உரிமையாளரின் பெயரைச் சொல்லும் அதே மைக், காளையை அணைந்தவரின் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும்.